சப்டொமைனில் மட்டும் எஸ்எஸ்எல் எர்ரர்: வைல்டுகார்டு வாங்கலாமா, வேறு வழி பார்க்கலாமா?

ஈரோட்டில் ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் நண்பர் காலையிலேயே ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தார். "அண்ணா, மெயின் சைட்டு நல்லா வருதுங்க. ஆர்டர் சைட்டுதான் உள்ளயே விடமாட்டேங்குது." படத்தில் குரோமின் சிவப்பு முக்கோணம். நான் பதில் எழுதுவதற்குள் அடுத்த செய்தி வந்தது: "இலவச எஸ்எஸ்எல் இதுக்கு ஒத்துவராதாமுங்க. வைல்டுகார்டு ஒண்ணு வாங்கிப் போட்டா எல்லா சப்டொமைனுக்கும் சேர்த்து முடிஞ்சிரும்னு சைட் பண்ற தம்பி சொல்றாரு. வாங்கிரலாமுங்களா?"

இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வரும். பெரும்பாலும் 'வேண்டாம்' என்றுதான் சொல்வேன். எஸ்எஸ்எல் என்பது, பிரவுசர் பேசும் சர்வர் அந்தப் பெயருக்கு உரியதுதான் என்று உறுதி சொல்லி, நடுவில் போகும் தகவலைப் பூட்டும் சான்றிதழ். வைல்டுகார்டு என்பது ஒரே சான்றிதழில் பல சப்டொமைனை அடக்கும் வகை. அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அது தீர்க்கிற பிரச்சினை ஒன்று, கேட்பவரிடம் இருக்கும் பிரச்சினை பெரும்பாலும் வேறொன்று.

அவருடைய டொமைனை நம்கடை.காம் என்று வைத்துக்கொள்வோம். ஆர்டர்.நம்கடை.காம், ஸ்டாக்.நம்கடை.காம், மெயில்.நம்கடை.காம் என்று மூன்று சப்டொமைன்கள். மெயின் சைட்டும் மெயிலும் பழைய ஹோஸ்டிங்கில். ஆர்டரைச் சமீபத்தில்தான் தனியாக ஒரு விபிஎஸ் சர்வருக்கு (வாடகை மெய்நிகர் சர்வர்) மாற்றியிருந்தார்கள்.

முதலில் எந்தக் கோளாறு என்று பார்க்க வேண்டும்

சிவப்பு முக்கோணம் ஒன்றுதான், காரணங்கள் பல. எச்சரிக்கைக்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு பிழைக் குறியீடு இருக்கும். அதன் வால் பகுதியைப் படித்தால் போதும். 'டேட் இன்வாலிட்' என்றால் சான்றிதழ் காலாவதி, அல்லது பார்க்கிறவருடைய கணினியில் தேதி தப்பு. 'அத்தாரிட்டி இன்வாலிட்' என்றால் கையெழுத்துப் போட்ட நிறுவனத்தை பிரவுசர் நம்பவில்லை. சர்வர் தனக்குத் தானே எழுதிக்கொண்ட சான்றிதழாக இருக்கலாம். 'காமன் நேம் இன்வாலிட்' என்றால் சான்றிதழ் சரியானதே, அதில் இந்தப் பெயர் இல்லை. இந்தக் கடைசிக் குறியீடு ஒரு வேடிக்கை. குரோம் 2017இல் 58ஆம் பதிப்பிலேயே காமன் நேம் புலத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டது. சான்றிதழில் உள்ள மாற்றுப் பெயர்ப் பட்டியலை மட்டும்தான் பார்க்கிறது. பிழைக்கு மட்டும் பழைய பெயர் ஒட்டிக்கொண்டது.

இன்னொன்று, கணினியில் திறக்கும், சில போன்களிலும் ஆப்களிலும் திறக்காது. சர்வர் தன் சான்றிதழை மட்டும் காட்டி, அதை நம்பத்தக்க நிறுவனத்தோடு இணைக்கும் இடைநிலைச் சான்றிதழைக் காட்டாமல் விட்டால் இப்படி ஆகும். கணினியில் குரோம் அந்த விடுபட்ட கண்ணியைத் தானே தேடி எடுத்துக்கொள்ளும். எல்லா மென்பொருளும் அவ்வளவு பொறுமைசாலி இல்லை. சான்றிதழை வாங்கிப் புதுப்பிக்கும் செர்ட்பாட் கருவியைப் பயன்படுத்துகிறவர்கள், என்ஜின்எக்ஸ் வெப் சர்வரின் அமைப்பில் 'செர்ட்' கோப்புக்குப் பதில் 'ஃபுல்செயின்' கோப்பைக் கொடுத்தால் தீர்ந்தது. ஒரு பைசா செலவில்லை.

நண்பரிடம் ஒன்று கேட்டேன்: போனில் வைஃபையை அணைத்துவிட்டுத் திறந்தால் என்ன வருகிறது, ஆபீஸ் வைஃபையில் திறந்தால் என்ன வருகிறது? இரண்டு படங்கள் அனுப்பினார். மொபைல் டேட்டாவில் 'காமன் நேம் இன்வாலிட்'. ஆபீஸ் வைஃபையில் 'அத்தாரிட்டி இன்வாலிட்'. ஒரே முகவரி, இரண்டு எர்ரர்! அப்படியென்றால் இரண்டு வெவ்வேறு சர்வர்கள் பதில் சொல்கின்றன.

எந்தப் பெயர் எந்தச் சர்வருக்குப் போகும் என்று சொல்லும் டிஎன்எஸ் பட்டியலைத் திறந்து பார்த்தால் கதை அங்கே இருந்தது. சர்வரை மாற்றியபோது தம்பி சர்வரின் இரண்டு வகை எண் முகவரிகளில் பழைய வகையான ஐபிவி4 முகவரியை மட்டும் புதிய இடத்துக்குத் திருப்பியிருக்கிறார். ஐபிவி6 முகவரி, அதாவது ஏஏஏஏ ரெக்கார்டு, பழைய ஹோஸ்டிங்கையே காட்டிக்கொண்டிருந்தது. மொபைல் நெட்வொர்க் ஐபிவி6 வழியாகப் பழைய சர்வருக்குப் போகிறது. அங்கே ஆர்டர் என்ற பெயருக்குச் சான்றிதழ் இல்லை. ஆபீஸ் இணைப்பு ஐபிவி4 வழியாகப் புதிய சர்வருக்குப் போகிறது. அங்கே தற்காலிகமாகப் போட்ட சுயசான்றிதழ். தம்பி இலவசச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டில் முயன்று தோற்றதற்கும் இதேதான் காரணம். சப்டொமைன் நம்முடையதுதானா என்று பார்க்க வரும் அவர்களுடைய சோதனையும், ஐபிவி6 முகவரி இருந்தால் முதலில் அங்கேதான் போகும். பழைய சர்வர் 'அப்படி ஒரு கோப்பு இல்லை' என்று சொல்லிவிடும். அந்த ஒரு ரெக்கார்டை நீக்கி, டிஎன்எஸ் பரவும்வரை ஒரு டீ குடித்துவிட்டு வந்து செர்ட்பாட்டை ஓட்டினோம். வாங்கிவிட்டது.

வைல்டுகார்டு வாங்கிப் புதிய சர்வரில் போட்டிருந்தால் ஆபீஸ் வைஃபையில் சரியாகியிருக்கும். கடைக்காரர்கள் ஆர்டர் போடுவது போனில். அவர்களுக்கு அதே சிவப்பு முக்கோணம்தான்.

அப்புறம், 'அட்வான்ஸ்டு பட்டனை அழுத்தி உள்ளே போங்க' என்று வாடிக்கையாளருக்குச் சொல்லிக் கொடுப்பதை ஒரு வழியாகவே நான் கணக்கில் எடுப்பதில்லை. மெயின் சைட், 'பாதுகாப்பான இணைப்பில் மட்டும் வா' என்று பிரவுசருக்குச் சொல்லும் எச்எஸ்டிஎஸ் விதியைச் சப்டொமைன்களுக்கும் சேர்த்துச் சொல்லியிருந்தால் அந்தப் பட்டனே வராது.

ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சான்றிதழ்

கோளாறு உண்மையிலேயே 'சான்றிதழில் பெயர் இல்லை' என்பதுதான் என்று உறுதியான பிறகு தேர்வு வருகிறது. நான் முதலில் கை வைப்பது இங்கே: எந்தச் சர்வரில் எந்தப் பெயர் ஓடுகிறதோ, அங்கேயே அந்தப் பெயருக்கு மட்டும் ஒரு இலவசச் சான்றிதழ். லெட்ஸ் என்கிரிப்ட் 2015 டிசம்பரில் பொதுமக்களுக்குத் திறந்ததிலிருந்து இதற்குக் காசு இல்லை. சான்றிதழின் ஆயுள் 90 நாள். செர்ட்பாட்டோ அதுபோன்ற இன்னொரு கருவியோ தானே புதுப்பித்துக்கொள்ளும். என்ஜின்எக்ஸுக்குப் பதில் கேடி என்ற வெப் சர்வரைப் போட்டால் தனிக் கருவிகூட வேண்டாம். பெயரை எழுதினால் சான்றிதழை அதுவே வாங்கி வைத்துக்கொள்ளும். பெயர்தான் கேடி, ஆள் தங்கம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், ஒரு சர்வரில் நடக்கும் விபத்து அடுத்த சர்வருக்குப் போகாது. ஆர்டர் சர்வரில் சான்றிதழோடு இருக்கும் ரகசியச் சாவி திருடு போனால் ஆர்டருக்கு மட்டும் புதுச் சான்றிதழ் வாங்கினால் போதும்.

நிபந்தனைகள் உண்டு. பெயரைச் சோதிக்க வருகிறவர்கள் இணையத்திலிருந்து அந்தச் சர்வரின் 80ஆம் போர்ட்டை, அதாவது சாதாரண வெப் வாசலை, தொட முடிய வேண்டும். 'பாதுகாப்புக்காக' 80ஐ அடைத்து வைத்துவிட்டு, புதுப்பிப்பு ஏன் நடக்கவில்லை என்று கேட்பவர்கள் நிறைய. ஒரு டொமைனின் கீழ் 7 நாளில் 50 புதிய சான்றிதழ் என்ற வரம்பும் இருக்கிறது. நான்கு சப்டொமைன் வைத்திருப்பவருக்கு அது கணக்கே இல்லை. தோற்றுப்போன முயற்சிக்கும் வரம்பு உண்டு என்பதைத்தான் கவனிக்க வேண்டும். ஆத்திரத்தில் ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப அடித்தால் கொஞ்ச நேரத்துக்குக் கதவைச் சாத்திவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் அவர்களுடைய ஸ்டேஜிங் சர்வரில் ஒத்திகை பார்த்துவிட்டு வரலாம்.

பல பெயர், ஒரே சான்றிதழ்

எல்லாச் சப்டொமைனும் ஒரே சர்வரில் இருந்தால் இது சுலபமாகத் தோன்றும். லெட்ஸ் என்கிரிப்ட்டில் ஒரு சான்றிதழில் 100 பெயர் வரை போடலாம். நானும் முன்பு இப்படித்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு வாடிக்கையாளர் பழைய சப்டொமைன் ஒன்றை வேண்டாம் என்று டிஎன்எஸ்ஸில் நீக்கினார், என்னிடம் சொல்லவில்லை. அடுத்த புதுப்பிப்பில் அந்த ஒரு பெயரின் சோதனை தோற்றது. ஒன்று தோற்றால் மொத்தச் சான்றிதழும் கிடைக்காது. மற்ற பதினொரு பெயரும் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் எல்லாம் சேர்ந்து காலாவதி ஆயின. அன்றைக்குப் பட்ட பாடு போதும்.

இன்னொரு சில்லறைத் தொல்லை. செர்ட்பாட்டில் புதுப் பெயரைச் சேர்க்கும்போது பழைய சான்றிதழை விரிக்கச் சொல்லாமல் ஓட்டினால், அதே பெயரோடு '0001' என்று வால் வைத்து இன்னொரு ஃபோல்டர் உருவாகலாம். என்ஜின்எக்ஸ் பழைய ஃபோல்டரையே பார்த்துக்கொண்டிருக்கும். 'இப்பத்தானே வாங்கினேன், இன்னும் எர்ரர் வருதே' என்று மண்டை காய்பவர்கள் முதலில் அந்த வாலைத் தேடுங்கள். சான்றிதழைத் திறந்து பார்க்கிற எவருக்கும் அதிலுள்ள எல்லாப் பெயரும் தெரியும் என்பதும் நினைவில் இருக்கட்டும். போட்டிக் கம்பெனிகள் இரண்டுக்கு ஒரே சர்வரில் சைட் நடத்துகிறவருக்கு இது சங்கடம்.

வைல்டுகார்டு: நட்சத்திரம் எதுவரை எட்டும்?

வைல்டுகார்டு என்பது *.நம்கடை.காம் என்று நட்சத்திரக் குறி போட்ட சான்றிதழ். எந்தச் சப்டொமைனுக்கும் செல்லும் என்பார்கள்; செல்லாது. நட்சத்திரம் ஒரே ஒரு புள்ளியைத்தான் தாண்டும். ஆர்டர்.நம்கடை.காம் உள்ளே வரும். டெஸ்ட்.ஆர்டர்.நம்கடை.காம் வராது. நம்கடை.காம் என்ற வெறும் பெயரும் வராது, அதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். 'வைல்டுகார்டு போட்டும் எர்ரர் வருகிறது' என்று வந்தவற்றில் நான் பார்த்தவை பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று.

இதற்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. லெட்ஸ் என்கிரிப்ட் 2018 மார்ச்சிலிருந்து வைல்டுகார்டும் இலவசமாகத் தருகிறது. விலை வேறு இடத்தில் இருக்கிறது. வைல்டுகார்டுக்கு 80ஆம் போர்ட் சோதனை செல்லாது. டிஎன்எஸ்ஸில் அவர்கள் சொல்லும் டிஎக்ஸ்டி ரெக்கார்டு என்ற எழுத்து வரியை வைத்துக் காட்ட வேண்டும். அதுவும் ஒவ்வொரு புதுப்பிப்புக்கும் புதிதாக. கையால் செய்தால் ஒரு தடவை செய்வீர்கள், இரண்டு தடவை செய்வீர்கள், மூன்றாவது தடவை ஊரில் கல்யாணம் இருக்கும். ஆகவே டிஎன்எஸ்ஸை மென்பொருள் தானே மாற்ற உதவும் ஏபிஐ சாவியைச் சர்வரில் வைத்தாக வேண்டும். அந்தச் சாவி மொத்த டொமைனையும் திருப்பிவிடும் அதிகாரம் உள்ளதாக இருந்தால், சர்வருக்குள் நுழைகிறவன் கைக்கு மெயில் உட்பட எல்லாம் போகும். டொமைன் விற்கும் கம்பெனியில் ஏபிஐ வசதியே இல்லை என்றால் அந்தச் சிக்கல் தனி. இதற்கு ஒரு மாற்று உண்டு. சோதனைக்கான அந்த ஒரு பெயரை மட்டும் சிநேம் ரெக்கார்டு மூலம் வேறொரு சிறிய டிஎன்எஸ் மண்டலத்துக்குத் திருப்பிவிட்டு, அந்த மண்டலத்தின் சாவியை மட்டும் சர்வரில் வைக்கலாம். நான் வைல்டுகார்டு போடும் இடங்களில் இப்படித்தான் செய்கிறேன்.

அடுத்தது, ஒரே சாவி பல சர்வர்களில் கிடக்கும். எபிக் கேம்ஸ் நிறுவனத்துக்கு 2021 ஏப்ரல் 6 அன்று நடந்ததை அவர்களே விரிவாக எழுதியிருக்கிறார்கள். உள் சேவைகள் நூற்றுக்கணக்கானவற்றில் போட்டிருந்த ஒரு வைல்டுகார்டு காலாவதியானது, கண்காணிப்பிலும் அது விடுபட்டிருந்தது. சேவைகள் மணிக்கணக்கில் முடங்கின. அதே ஆண்டு அக்டோபரில் அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமையான என்எஸ்ஏ, வைல்டுகார்டை அகலமாகப் பரப்பி வைப்பதன் ஆபத்து பற்றித் தனியாகவே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. கேட்பாரற்றுக் கிடக்கும் பழைய டெஸ்ட் சர்வர் ஒன்றில் அந்தச் சாவி இருந்தால், பணம் வாங்கும் பக்கம் போலவே நடிக்க அது போதும்.

சரி, இவ்வளவுக்கும் பிறகு யாருக்கு வைல்டுகார்டு? சப்டொமைன்கள் தானாகப் பிறக்கும் இடத்துக்கு. பள்ளிகளுக்கு மென்பொருள் தரும் சிறு கம்பெனி ஒன்றுக்கு நான் வேலை பார்த்தேன். புதுப் பள்ளி சேர்ந்தவுடன் அதன் பெயரில் ஒரு சப்டொமைன் உடனே எழ வேண்டும். எல்லாம் ஒரே சர்வருக்குத்தான் வருகின்றன. அங்கே யோசிக்காமல் வைல்டுகார்டு போட்டேன். இன்னொன்று, ஆபீசுக்குள்ளேயே இருக்கும் சர்வர்கள். 80ஆம் போர்ட்டை இணையத்துக்குத் திறக்க முடியாது, ஆகவே டிஎன்எஸ் சோதனைதான் வழி. பெயர்களை வெளியே காட்ட விரும்பாதவர்களுக்கும் இது உதவும். நம்பத்தக்க நிறுவனங்கள் தரும் சான்றிதழ்கள் சர்டிபிகேட் டிரான்ஸ்பரன்சி என்ற பொதுப் பதிவேட்டில் ஏறுகின்றன. 2018 ஏப்ரலுக்குப் பின் கொடுத்த சான்றிதழ் அதில் இல்லையென்றால் குரோம் ஏற்காது. 'அட்மின்டெஸ்ட்' என்று தனிச் சான்றிதழ் வாங்கினால் கொஞ்ச நேரத்திலேயே தானியங்கி பாட்கள் கதவைத் தட்டும். வைல்டுகார்டு என்றால் பதிவேட்டில் நட்சத்திரம் மட்டும் தெரியும்.

காசு கொடுத்து வாங்குவது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பூட்டு அதேதான். இலவசச் சான்றிதழும் விலைச் சான்றிதழும் தரும் மறையாக்கத்தில் வித்தியாசம் இல்லை. டெண்டர் நிபந்தனை, ஆடிட் கட்டாயம், போனில் பேச ஓர் ஆள் வேண்டும் என்ற நிலை இருந்தால் வாங்குங்கள். 'வருஷத்துக்கு ஒரு தடவை போட்டால் மறந்துவிடலாம்' என்ற நிம்மதிக்காக என்றால் அது முடிந்த கதை. சான்றிதழ் நிறுவனங்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த சிஏ பிரவுசர் ஃபோரம் 2025இல் முடிவு செய்தபடி, 398 நாளாக இருந்த அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். விலைக்கு வாங்கினாலும் தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாடு இல்லாமல் நடக்காது. அந்த ஏற்பாட்டைச் செய்துவிட்டால், அப்புறம் எதற்குக் காசு?

பேனலும் ஆரஞ்சு மேகமும்

ஷேர்டு ஹோஸ்டிங்கில் சிபேனல் என்ற நிர்வாகப் பலகை இருந்தால் மேலே சொன்ன எதுவும் தேவைப்படாமல் போகலாம். 'எஸ்எஸ்எல்/டிஎல்எஸ் ஸ்டேட்டஸ்' பக்கத்தில் ஆட்டோஎஸ்எஸ்எல் பொத்தானை அழுத்துங்கள். சப்டொமைன் அந்தச் சர்வரையே காட்டினால் வேலை முடிந்தது. வேறு சர்வரைக் காட்டினால் அது தோற்கும், தோற்பதுதான் நியாயம்.

பார்வையாளருக்கும் சர்வருக்கும் நடுவில் நிற்கும் கிளவுட்ஃபிளேர் சேவையை முன்னால் நிறுத்துவது இன்னொரு வழி. டிஎன்எஸ்ஸில் மேகத்தை ஆரஞ்சு நிறமாக்கினால் பார்வையாளர் காண்பது அவர்களுடைய சான்றிதழை. சர்வரைத் தொட முடியாத, தொடத் தெரிந்தவர் ஊரில் இல்லாத நிலையில் இது பெரிய ஆறுதல். ஆனால் இலவசத் திட்டத்தில் வெறும் டொமைனும் அதற்கு அடுத்த ஒரு நிலையும்தான் அடங்கும். அதே ஒரு புள்ளிக் கணக்கு. 'ஃபிளெக்சிபிள்' முறையில் வைத்தால் கிளவுட்ஃபிளேரிலிருந்து உங்கள் சர்வர் வரை தகவல் திறந்த தபால் அட்டையாகத்தான் போகிறது. பூட்டுச் சின்னம் மட்டும் கம்பீரமாக நிற்கும். பணம் வாங்கும் சைட்டில் அதைச் செய்யாதீர்கள். 'ஃபுல் ஸ்ட்ரிக்ட்' வையுங்கள். அதற்காக அவர்கள் தரும் ஆரிஜின் சான்றிதழ் 15 ஆண்டு வரை செல்லும், ஆனால் அதை நம்புவது கிளவுட்ஃபிளேர் மட்டும்தான். என்றாவது மேகத்தைச் சாம்பல் நிறமாக்கினால் அந்த நிமிடமே 'அத்தாரிட்டி இன்வாலிட்'.

யாரும் கேட்காத இன்னொரு வழியையும் சொல்கிறேன்: சப்டொமைனே வேண்டாம். நண்பரின் ஸ்டாக் பக்கம் மெயின் சைட் இருக்கும் அதே ஹோஸ்டிங்கில், ஒரே ஆள் பார்க்கும் சின்னப் பக்கம். அதை நம்கடை.காம்/ஸ்டாக் என்று மாற்றிவிட்டோம். ஒரு பெயர் குறைந்தது, ஒரு சான்றிதழ் குறைந்தது. பழைய முகவரியை யாரும் சேமித்து வைத்திருக்கவில்லை என்பதால் திருப்பிவிடக்கூடத் தேவைப்படவில்லை.

ஆர்டருக்கு விபிஎஸ்ஸில் தனிச் சான்றிதழ். மெயின் சைட்டுக்கு ஹோஸ்டிங்கின் ஆட்டோஎஸ்எஸ்எல். செர்ட்பாட் புதுப்பித்த பிறகு என்ஜின்எக்ஸை ரீலோட் செய்யும் வரியையும் சேர்த்தேன். ஒரு முறை அதை மறந்திருக்கிறேன். புதுச் சான்றிதழ் டிஸ்க்கில் பத்திரமாக இருந்தது. சர்வர் நினைவில் இருந்த பழையதையே காட்டி, காலாவதி தேதியில் சிவப்பாக நின்றது. லெட்ஸ் என்கிரிப்ட் நினைவூட்டல் மெயில் அனுப்புவதையும் 2025 ஜூனில் நிறுத்திவிட்டது. அதனால் தினமும் வெளியிலிருந்து சர்வரைத் தொட்டு, மிச்ச நாளை எண்ணிச் சொல்லும் சின்ன ஸ்கிரிப்ட் ஒன்று இப்போது ஓடுகிறது. ஐபிவி4 வழியாக ஒரு தடவை, ஐபிவி6 வழியாக ஒரு தடவை.

பத்து நாள் கழித்து நண்பரிடமிருந்து இன்னொரு ஸ்கிரீன்ஷாட். "அண்ணா, இப்ப மெயில் ஆப்புல அதே மாதிரி வருதுங்க. இதுக்காச்சும் வைல்டுகார்டு வாங்கணுமுங்களா?" போனில் இன்கமிங் சர்வர் என்ற இடத்தில் மெயில்.நம்கடை.காம் என்று போட்டிருந்தார். பெயர் அவருடையது, பதில் சொல்லும் இயந்திரம் ஹோஸ்டிங் கம்பெனியுடையது. அது தன் சொந்தப் பெயருள்ள சான்றிதழைக் காட்டுகிறது. கம்பெனி தந்திருந்த சர்வர் பெயரையே அந்தக் கட்டத்தில் போடச் சொன்னேன். போட்டுவிட்டு ஒரு தம்ஸ்அப் அனுப்பினார்.